போணி ஆகல

அன்பு மகள் மணிமொழிக்கு நைனா எழுதுவது. மந்தைவெளியில் நான், உன் அம்மா, தம்பி விக்கி மூவரும் சுகம், நீ கை கால் முழுசாக இருக்கிறாய் என்பதை நேற்று உன் குரலிலேயே கேட்டுக்கொண்டோம். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை உனக்கு வந்த பதிலை அனுப்பியது நான் இல்லை, நம் கடையில் கல்லா பார்க்கிற கரீமுல்லா.

நேற்று போனில், நீ சொன்னதாலதான் நைனா கேமராவையும் எடுத்ததெல்லாம் இருந்த டிஸ்க்கையும் அந்த செக்போஸ்ட்காரன்கிட்ட குடுத்துட்டு வந்தேன் என்று நீ கத்தினபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை, புரியாததைக் காட்டிக்கொள்ளவும் இல்லை. இன்று தி.நகர் கடையைத் திறந்ததும் கல்லாவில் இருக்கிற கடை போனை வாங்கிப் பார்த்தேன். யாரோ ஒருவருடைய போனை இரவல் வாங்கி, உனக்கு மனப்பாடமான ஒரே நம்பருக்கு நீ அனுப்பியது அதில் இருக்கிறது. போணி ஆகல, இன்னா பண்ண. நீ முதல் தடவை சண்டை நடக்கிற ஊருக்குப் படம் எடுக்கப் போனபோது நாம் வைத்துக்கொண்ட பேச்சு அது, நல்லபடியாக இருந்தால் போணி ஆச்சு, மாட்டிக்கொண்டால் ஆகல. ஆனால் மேற்கு மாம்பலம் கடையிலிருந்து விக்கியும் முதல் வியாபாரம் ஆகாத நாளெல்லாம் அதையேதான் அனுப்புவான், போன வாரம் நம்பர் வேறு மாற்றியிருந்தான். அன்றைக்கு இங்கே விடாத மழை, மாம்பலத்தில் தெருவெல்லாம் தண்ணீர். கரீமுல்லா கண்ணாடி போடாமல், நம்பரைப் பார்க்காமல், விக்கிதான் கேட்கிறான் என்று நினைத்து, இருக்கறத வந்த ரேட்டுக்குத் தள்ளிட்டு கடைய கட்டிகினு கெளம்பு நைனா என்று போட்டுவிட்டான். அவன் விக்கியைச் செல்லமாக நைனா என்பான். நீ அதை என் கையெழுத்தாக எடுத்துக்கொண்டாய். உன்னைத் தப்பு சொல்லவும் முடியவில்லை, உனக்கு இந்த உலகத்தில் ஒரே நைனாதானே.

கரீமுல்லா வாசல் படியில் போய் உட்கார்ந்தவன் உள்ளே வரவில்லை. பாப்பா உசுரோட வெளாடிட்டேனே முதலாளி என்றான். உசுரோட வந்துட்டாடா, அவ உழைப்போடதான் வெளாடிட்ட என்றேன். அதற்கு மேல் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. உண்மையைச் சொல்கிறேன், போன் என் கையில் இருந்திருந்தால் நானும் அதையேதான் எழுதியிருப்பேன், எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு ஓடி வா என்று. சரக்குதானே, திரும்ப எடுத்துக்கலாம் என்று நேற்று சொன்னேன். அது சரக்கு இல்ல நைனா, புள்ளைங்கள பறிகொடுத்த பொம்பளைங்க பேசினது, அத ஒரு தடவ சொல்லவே அவங்களுக்கு உசுரு போய் உசுரு வந்துச்சி, இப்ப நான் திரும்பவும் போய் அவங்க முன்னாடி நிக்கணும் என்றாய்.  சரக்கு என்று நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

உன் அம்மா பாஷை தெரியாத சேனலைச் சத்தம் இல்லாமல் போட்டுக்கொண்டு புகை வருகிற கட்டடத்தையெல்லாம் பார்க்கிறாள். முண்டகக்கண்ணியம்மன் கோயிலுக்குப் போகும்போதும் போனைக் கையிலேயே பிடித்திருக்கிறாள். அவளாவது உன்னை வரச் சொல்வாள் என்று பார்த்தால், வான்னு சொல்லாத, வந்து இங்க சும்மா ஒக்காந்துகினு இருந்தா அந்த டிஸ்க்க நெனச்சே புள்ள பைத்தியம் ஆயிடும் என்கிறாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் அழுகிறாள், நான் டிவியைச் சத்தமாக வைத்துக்கொள்கிறேன். நீ கேட்டுக்கொண்டபடி எந்த நாடு, எந்த ஊர் என்று இதில் எழுதவில்லை. உங்கள் ஆபீஸ் ராம்குமார் கேமராவோடு கிளம்புகிறார், அவர் கையில்தான் இதைக் கொடுக்கிறேன். கூட ஒரு பையும் வருகிறது. பழசு மாதிரி இருக்கிறதே என்று முகம் சுளிக்காதே, நான்தான் துவைத்து வெயிலில் போட்டு வெளுக்கவைத்தேன். நம் கடைக்கு வருகிறவர்களும் புதுப் பையைத்தான் திறந்து பார்ப்பார்கள், பழையதைத் தொடக்கூட மாட்டார்கள். செக்போஸ்ட்டில் துப்பாக்கி வைத்திருப்பவனிடம் அவசரம் காட்டாதே. உன் அவசரம் தெரிந்தால் அவன் கேட்பது ஏறும்.

அந்த அம்மன் உன் முன்னாலும் பின்னாலும் நடக்கட்டும், நீயும் உன் கூட வருகிற டிரைவரும் நல்லபடி இருங்கள். வயிற்றைக் காயப்போடாதே.

வாயால் பேசியதை எழுதிவிடுவது என் வழக்கம், அதனால் நேற்று முடிவானதை இங்கே எழுதுகிறேன். திங்கட்கிழமை நீ திரும்ப உள்ளே போகிறாய், நான் தடுக்க மாட்டேன், ராம்குமாரை விட்டும் தடுக்க மாட்டேன். தனியாகப் போகக்கூடாது, அவர் கூட வருவார். தினமும் இருட்டுவதற்குள் உன் செய்தி வர வேண்டும், ஒரு நாள் தவறினால் பொறுப்பேன், மறுநாளும் தவறினால் அவர் சொல்கிற வண்டியில் மறுபேச்சு இல்லாமல் ஏறி வெளியே வந்துவிட வேண்டும். இதற்கெல்லாம் நீ சரி என்று சொல்லிவிட்டாய். இன்று நானாகச் சேர்ப்பது ஒன்று, நீ வீடு திரும்பும்வரை நம் இரண்டு கடையிலும் யாரும் போணி என்று வாயால் சொல்லவோ எழுதவோ கூடாது, அந்தச் சொல் உனக்கு மட்டும். என் பதிலில் கீழே பெயர் இருக்கும், பெயர் இல்லாத நைனாவை நம்பாதே.

நைனா,
அசோகன்