தாத்தாவுக்கு ஞானஸ்நானம் இல்லை

செப்டம்பர் 14, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. சர்ச்சுக்குப் போய் வந்து மட்டன் குழம்பு. சின்ன வெங்காயம் தீர்ந்துவிட்டது, நாளை வாங்கணும்.

இனியா சரியாகச் சாப்பிடவில்லை. எலும்பைக் கடைசி வரை உறிஞ்சுகிற பிள்ளை, இன்று தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனாள். சளி பிடிக்கப் போகிறது என்று நினைத்தேன்.

சாப்பிட்டுவிட்டு அவள் அப்பா குமரேசன் கூடத்தில் பாய் போட்டுப் படுத்தார். நல்ல தூக்கம். திடீரென்று எழுந்து உட்கார்ந்து மேலே பார்க்கிறார். தலை, பனியன், தலையணை எல்லாம் ஈரம்.

"ஒழுகுதா இன்னா?" என்கிறார். எங்கள் தலைக்கு மேலே இன்னொரு குடித்தனம். மழை எப்படி ஒழுகும்? பக்கத்தில் இனியா, கையில் காலிச் சொம்பு.

"ஞானஸ்நானம் குடுத்தேன்" என்றாள்.

விசாரித்ததில் தெரிந்தது. இன்று சண்டே ஸ்கூலில் கிரேஸ் டீச்சர் நரகத்தைப் பற்றிப் பாடம் எடுத்திருக்கிறார். கலர் படம் காட்டி. அவியாத நெருப்பு, சாகாத புழு. ஞானஸ்நானம் எடுக்காதவர்கள், இயேசுவை ஏற்காதவர்கள் எல்லாரும் அங்கேதானாம். நான் கிறிஸ்தவள், குமரேசன் இந்து. மூன்றாம் வகுப்பு படிக்கிறவளுக்குப் புரியாதா?

குமரேசனுக்குக் கோபம் வரவில்லை. துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார்: "இப்ப நான் பாஸா?"

"பாஸ்."

"அப்ப இன்னும் கொஞ்ச நேரம் தூங்கிக்கிறேன்."

மூன்று பேரும் சிரித்தோம். சாயங்காலம் வந்ததும் தோசை கேட்டாள். பசி திரும்பிவிட்டது. சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

செப்டம்பர் 15, திங்கள்

வெயில். வெங்காயம் வாங்கியாயிற்று. ஆஸ்பத்திரி ட்யூட்டி முடிந்து விழுப்புரத்திலிருந்து வந்த ட்ரெயினில் நின்றுகொண்டே பயணம். கால் வலி.

அரிசி களைந்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து இனியா:

"தாத்தாவுக்கு யாரும் தண்ணி ஊத்தலியே?"

தாத்தா என்றால் என் மாமனார். போன கோடையில் தவறிவிட்டார். அதுவரைக்கும் இவளைத் தினமும் ஸ்கூலுக்கு ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டு, கூட்டி வந்தவர். வரும்போது வேர்க்கடலையும் வெல்லமும் பிடித்த மல்லாட்டை உருண்டை, அவருக்கு ஒன்று, இவளுக்கு ஒன்று. இவள் டவுசர் பாக்கெட் எல்லாம் வெல்லப் பிசுக்கு. அவருக்குச் சர்க்கரை வியாதி, என்னிடம் சொல்லக் கூடாது என்று இவளிடம் சத்தியம் வேறு.

"அவரு இப்ப எரிஞ்சிக்கினு இருக்காரா?"

"இல்ல."

"உனுக்கு எப்படித் தெரியும்?"

தண்ணீரை வடித்தேன். பானையை அடுப்பில் ஏற்றினேன். பிறகு சொல்லிவிட்டேன்: "அப்படி ஒரு எடம் இருக்குதுன்னு நான் நம்பல இனியா."

வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. எந்த நாளிலிருந்து நம்பாமல் போனேன் என்று எனக்கே தெரியாது. ஆண்டவர் மேல் நம்பிக்கை இருக்கிறது. பாட்டுப் பாடினால் மனசு நிறைகிறது. இது ஒன்று மட்டும் உள்ளே இறங்குவதில்லை.

"அப்ப டீச்சர் பொய் சொன்னாங்களா?"

"பொய் இல்ல. அவங்க நம்புறாங்க. நான் நம்பல."

அவளுக்கு அது பதிலாகவே தோன்றவில்லை. எனக்கும்தான்.

செப்டம்பர் 16, செவ்வாய்

காஸ் புக் பண்ணணும். இனியா ஷூ, சைஸ் பெரிசாக.

வார்டில், காணை கிராமத்திலிருந்து வந்திருக்கிற ஒரு அம்மாவுக்கு டிரெஸ்ஸிங் மாற்றினேன். ஊரில் அம்மனுக்குக் கூழ் ஊற்றிய அன்று அண்டா சாய்ந்து தொடையில் கொட்டிவிட்டது. கேப்பைக் கூழ் தண்ணீர் மாதிரி ஓடாது, ஒட்டிக்கொண்டு வேகவைக்கும். ஓரகத்தியோடு சண்டை, அவள் இழுத்ததில்தான் அண்டா சாய்ந்ததாம். வலி தெரியாமல் இருக்க ஊசி போட்டுவிட்டுத்தான் கட்டைப் பிரிப்போம். அப்படியும் அந்த அம்மா கட்டில் கம்பியைப் பிடித்த பிடி இருக்கிறதே.

அடுத்த கட்டில்காரி ஆறுதலுக்குச் சொன்னாள்: "உன்ன இந்த கதி பண்ணவ இதவிட வெந்து சாவா, பாத்துக்கினே இரு."

"வேணாங்க" என்றது அந்த அம்மா. "அவ மூஞ்சிலயே முழிக்க மாட்டேன். ஆனா இது அவளுக்கு வேணாம்."

சண்டை போட்டவளே ஓரகத்தி வேக வேண்டாம் என்கிறாள். அவளைவிட இரக்கம் குறைந்தவரையா நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் போய்க் கும்பிடுகிறேன்? கட்டு மாற்றுகிற கொஞ்ச நேரத்துக்கே ஊசி தேவைப்படுகிறது. முடிவே இல்லாமல் என்றால் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று யாராவது யோசித்தார்களா?

வீட்டில் இனியா ஹோம்வொர்க் நோட்டில் தலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுதவில்லை. ராத்திரி வெகுநேரம் தூங்கவும் இல்லை.

செப்டம்பர் 17, புதன்

காலை ட்ரெயின். கிரேஸ் டீச்சருக்கு விழுப்புரத்தில் ஒரு ஸ்கூலில் வேலை, எனக்கு ஆஸ்பத்திரி. திண்டிவனத்தில் ஒன்றாக ஏறி, ஜன்னல் சீட்டை முறை வைத்து மாற்றிக்கொள்வோம். அவர் இட்லி, என் சட்னி. வருஷக்கணக்கில் இப்படித்தான். அதனால்தான் இதைப் பேசப் பயமாக இருந்தது.

மயிலம் தாண்டியதும் ஆரம்பித்தேன். இனியா தூங்காததைச் சொன்னேன். சொம்புக் கதையைச் சொன்னதும் சிரித்தார். மாமனாரைப் பற்றி இனியா கேட்டதைச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

"பைபிள்ல இருக்கறதத்தான சொன்னேன், செல்வி."

"எனக்கு அதுல நம்பிக்கை இல்ல டீச்சர்."

டப்பாவை மூடினார். "நீ ஜெபக் கூட்டத்துக்கெல்லாம் வர்றியே."

"வர்றேன். வருவேன். நரகத்த மட்டும் நம்பல."

பேரணி ஸ்டேஷன் வந்தது. டீச்சர் குரலைத் தாழ்த்தினார்: "எங்க வீட்டுக்காரர் குடிய விட்டது எதனாலன்னு நெனைக்கிற? என் அழுகையாலயா? அந்த பயத்தாலதான். ஒரு கூட்டத்துல நரகத்த பத்திக் கேட்டுட்டு வந்து அன்னியோட விட்டாரு. அது இல்லன்னு சொல்றியா? அப்ப அக்கிரமம் பண்றவனுக்கெல்லாம் இன்னா இருக்குது?"

அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும், கன்னம் வீங்கி வந்த நாட்களும் தெரியும். "பெரியவங்க கதை வேற டீச்சர். இவ எட்டு வயசுப் பொண்ணு. தாத்தாவ நெனச்சிக்கினு படுக்கறா" என்று மட்டும் சொன்னேன்.

விக்கிரவாண்டியில் யாரோ ஏறி நடுவில் உட்கார்ந்தார்கள். அதோடு சரி.

செப்டம்பர் 18, வியாழன்

கிரேஸ் டீச்சர் வேறு பெட்டியில் ஏறினார். சட்னி அப்படியே திரும்பி வந்தது.

குமரேசனிடம் சொன்னேன். ரிப்பேருக்கு வந்த மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றிக்கொண்டே கேட்டார். "எங்கப்பாவுக்கோசரம் நீங்க ரெண்டு பேரும் சண்ட போட்டுக்காதீங்க. அவருக்கே புடிக்காது." பிறகு, "ஞாயித்துக்கெழம அமாவாசை. படையல் போடணும். டீச்சரயும் கூப்டு."

"படையல் சோத்த அவங்க தொட மாட்டாங்க."

"தெரியும். கூப்டு."

செப்டம்பர் 19, வெள்ளி

டீச்சர் ஏறிய பெட்டியைத் தேடிப் போய் எதிரில் உட்கார்ந்தேன். கோபமாக இல்லை, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அவரும் தூங்கவில்லை போல. ஞாயிறு சாப்பிட வரச் சொன்னேன்.

"படையல் சோறு சாப்ட மாட்டேன், தெரியுமில்ல?"

"தெரியும். சும்மா வாங்க."

முண்டியம்பாக்கம் தாண்டியதும் டப்பாவைத் திறந்து என் பக்கம் நகர்த்தினார். இட்லி இரண்டு சாப்பிட்டேன். கல் மாதிரி இருந்தது, நன்றாகவும் இருந்தது.

செப்டம்பர் 20, சனி

நாளைக்கு: வாழை இலை. பூசணி, வாழைக்காய், அவரை. உளுந்து ஊறவைக்க. மாமனார் போட்டோவைத் துடைக்க. இனியாவே துடைக்கிறேன் என்றாள். துடைத்துவிட்டு வெகுநேரம் கண்ணாடி மேல் கை வைத்துக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 21, ஞாயிறு

இனியா சண்டே ஸ்கூல் போக மாட்டேன் என்றாள். வற்புறுத்தவில்லை. எனக்கும் சமையல் இருந்தது. விடியலிலிருந்து அடுப்படி. சாம்பார், பாயசம், வடை, மூன்று பொரியல்.

ஆராதனை முடிந்து வெள்ளைப் புடவையோடு, கையில் பைபிளோடு கிரேஸ் டீச்சர் நேராக வந்துவிட்டார். "இனியா கிளாசுக்கு வரல, அதான் பாக்கலாம்னு" என்றார் வாசலில் நின்று. படையல் அப்போதுதான் முடிந்திருந்தது. கற்பூர வாசனை. போட்டோவுக்கு முன்னால் இலை. எங்கே பார்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

குமரேசன் அடுப்படிக்குள் போய் மூடி வைத்த தட்டைக் கொண்டு வந்தார். "படைக்கறதுக்கு முன்னாடியே உங்களுக்குத் தனியா எடுத்து வச்சிட்டேங்க டீச்சர். சுத்தமா சாப்டலாம்."

இது எனக்கே தெரியாது. டீச்சர் அவரைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். உட்கார்ந்தார். ஜெபம் பண்ணினார். வழக்கத்தைவிட நேரம் எடுத்தது. கண்ணைத் திறந்தபோது ஓரம் ஈரமாக இருந்தது. வடையைப் பிட்டுக்கொண்டே, "உப்பு கரெக்டா இருக்கு" என்றார்.

அதற்குள் மொட்டைமாடியில் காக்காவுக்குச் சோறு வைக்கப் போன இனியா படியில் தடதடவென்று இறங்கி வந்தாள். செத்தவர்கள் காக்காவாக வருவார்கள் என்று அவள் அப்பா சொல்லி வைத்திருக்கிறார். மூச்சு வாங்கியது. நேராக டீச்சர் முன்னால் போய் நின்றாள்.

"டீச்சர், தாத்தா வந்தாரு. அங்க இல்ல அவரு. மேல வந்து சாப்ட்டுட்டுப் போறாரு."

காக்காவையும் நான் நம்புகிறவள் இல்லை. ஆனால் பிள்ளையைத் திருத்தவில்லை. டீச்சர் கை சோற்றில் அப்படியே நின்றது. பிள்ளையின் முகத்தையே பார்த்தார். வாரம் முழுக்க நான் பார்க்காத முகம் அது, வேர்த்து, பல் தெரிய.

கிரேஸ் டீச்சர் இடது கையால் அவளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"நல்லா சாப்ட்டாரா?" என்று கேட்டார்.