ஆதிரன் வீசிய நீல மாலை

செப். 4, வியாழன்

காலை ஒன்பதுக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. பரவாயில்லை, சனிக்கிழமை மழை வராமல் இருந்தால் போதும்.

செய்ய வேண்டியவை:
ஃபோன் ஸ்டாண்டு, சார்ஜர்.
நீலப் புடவைக்கு பிளவுஸ் பிடிக்கக் கொடுத்தது, வாங்கவேண்டும்.
கிளினிக்கில் சனிக்கிழமை லீவு. (டாக்டர் சரி என்றார். முகம்தான் சரியில்லை.)
மாலை!!!

ஆதிரன் வருகிறார். மாசாய்க்கு. எங்கள் ஊர்க் கோயிலுக்கு! பாலர் பள்ளிக்குக் கட்டிய புது வகுப்பறையைத் திறந்துவைக்கிறார். பதினோரு வருடமாக முகநூலில் அவருடைய ரசிகர் பக்கத்தை நடத்துகிறேன், ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. கோலாலம்பூர்ப் பாடகர்கள் ஜொகூர் பக்கம் வருவதே அபூர்வம்.

மாலை நீலத்தில்தான் இருக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நான். அவருக்குப் பிடித்த நிறம். கோயில் வாசலில் பூக்கடை வைத்திருக்கும் லெட்சுமி அக்கா சிரித்தார். "நீலத்துல சாமந்திக்கு நான் எங்க போறது? வெள்ளையச் சாயத்துல முக்கிக் காயவச்சுதான் கட்டணும். ஒண்ணு சொல்றேன், தண்ணி மட்டும் தெளிச்சிடாத. சாயம் இறங்கிடும்."

சரிக்கா, சரிக்கா என்றேன். காதில் விழுந்ததா என்பது வேறு விஷயம்.

வீட்டுக்காரர் சேகரிடம் புடவையைக் காட்டினேன். "அவரு உன்னப் பாக்க வரல, ரிப்பன் வெட்ட வராரு" என்றார். பொறாமை.

செப். 6, சனி

எப்படி எழுதுவது. வரிசையாக எழுதுகிறேன்.

பதினொரு மணிக்கு வரவேண்டியவர் வந்தது ஒன்றரைக்கு. ரோட்டில் ஜேம் என்றார்கள். அவர் தங்கிய ஹோட்டல் ஜொகூரிலேயே, தம்போயில்தான், அங்கிருந்து இங்கே வர அவ்வளவு நேரமா? அப்போது அப்படி யோசிக்கவில்லை. தலைகால் புரியாத சந்தோஷத்தில் இருந்தேன். பிள்ளைகள் வெயிலில் கொடி பிடித்துக்கொண்டு நின்று நின்று இரண்டு பேர் அழுதுவிட்டார்கள்.

மாலை தட்டில் வாடிக்கொண்டிருந்தது. லெட்சுமி அக்கா உதிரிப்பூ எடுக்கக் கடைக்குப் போயிருந்தார். வாசலில் கார் வந்துவிட்டது என்று யாரோ கத்தினார்கள். ஸ்டாண்டில் ஃபோனை ஓடவிட்டேன். ஆதிரன் கழுத்தில் வாடிய மாலையா? பக்கத்தில் இருந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்து அப்படியே கவிழ்த்தேன். தெளிக்கவில்லை. கவிழ்த்தேன். பூ பளபளவென்று ஆனது, எனக்கு அவ்வளவு பெருமை.

அக்கா ஓடிவந்து தட்டை எடுத்துக் கோயில் தலைவர் கையில் கொடுத்தார். அவர் ஆதிரனுக்கு மாலையைப் போட்டார். கைதட்டல். ஒரு நிமிடம் ஆகியிருக்காது, வெள்ளைப் பட்டு ஜிப்பாவில் கழுத்திலிருந்து வயிறுவரை நீலக் கோடு கோடாக வழிந்தது.

ஆதிரன் குனிந்து பார்த்தார். மாலையைக் கழற்றினார். "யாரு கட்டுனது?" அக்கா, "நான்தான் சார், ஆனா..." என்று வாயெடுத்தார். முழுதாகச் சொல்லவில்லை. ஆதிரன் மாலையைச் சுருட்டி அக்கா முகத்தில் வீசினார். குஞ்சத்தில் இருந்த கம்பி கன்னத்தைக் கிழித்தது, கண்ணுக்கு ஒரு விரல் கீழே. "எஸ்டேட் புத்தி போகுதா பாரு" என்றார். மைக் ஆன்.

ரிப்பன் வெட்டவில்லை. காரில் ஏறிப் போய்விட்டார்.

தலைவர் எல்லார் முன்னாலும் அக்காவைத் திட்டினார். "இருபது வருஷமா பூக் கட்டுற, இதுகூடத் தெரியாதா?" அக்கா கன்னத்தைத் துண்டால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். போத்தல் இன்னும் என் கையில்.

நான் கீழே பார்த்தேன்.

செப். 7, ஞாயிறு

மழை. துணி காயவில்லை.

ஆதிரன் முகநூலில் எழுதியிருக்கிறார். செல்ஃபிக்காக ஒரு பூக்காரி தன்னைப் பிடித்து இழுத்தாராம், வேண்டுமென்றே சாயத்தைப் பூசினாராம், கலைஞனுக்கு மரியாதை இல்லாத ஊராம். அடியில் எங்கள் ரசிகர்கள்! நான் சேர்த்துவிட்ட ஆட்கள்! அக்காவின் கடைப் படத்தைப் போட்டுக் கண்டபடி பேசுகிறார்கள்.

கோயில் நிர்வாகம் கடையை மூடச் சொல்லிவிட்டது. அடுத்த ஞாயிறு கூடி முடிவெடுப்பார்களாம். பெரும்பாலும் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று பேச்சு. நவராத்திரிக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது. அக்காவுக்கு இருப்பதே அந்தக் கடை ஒன்றுதான்.

மதியம் ஆதிரனின் மேனேஜரிடமிருந்து மெசேஜ். "சிஸ்டர், நீங்க ஸ்டாண்டு வச்சு எடுத்த வீடியோவ டிலீட் பண்ணிடுங்க. கே.எல். ஷோவுல பேக்ஸ்டேஜ் கூட்டிட்டுப் போறோம்."

பதினோரு வருடம் காத்திருந்த அழைப்பு.

வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் இருக்கிறது. அக்கா அவரைத் தொடவே இல்லை. வீசியது தெளிவாக. எஸ்டேட் என்றது தெளிவாக. அதற்கு முன்னால் நீலப் புடவையில் ஒருத்தி போத்தலைக் கவிழ்ப்பதும் தெளிவாக.

இனி முழுப் பெயர் எழுதுவதாக இல்லை. 'ஆ.' போதும்.

செப். 8, திங்கள்

கிளினிக்கில் கூட்டம். கவுண்டரில் இரண்டு பேருக்குத் தேதி மாற்றிக் கொடுத்துவிட்டேன். பல் பிடுங்க வந்த ஒரு ஆச்சி வீங்கிய கன்னத்தோடு, "அந்தப் பூக்காரிக்கு என்னா திமிரு பாத்தியா" என்கிறார். வாயைத் திறக்க முடியாதவருக்கே இவ்வளவு பேச்சு.

யோசனை: வீடியோவை வெட்டிவிடலாம். மாலை போடும் இடத்திலிருந்து ஆரம்பித்தால் போதும். ஆ. மாட்டுவார். அக்கா தப்புவார். நானும் தப்புவேன். எல்லாருக்கும் நல்லது.

வெட்டியும் பார்த்தேன். நன்றாகவே வந்தது.

சேகர் சிங்கப்பூர் வேலை முடிந்து மோட்டாரில் நனைந்து வந்தார். காட்டினேன். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் பார்த்தார்.

"தண்ணி ஊத்துனது எங்க?"

"அது தேவையில்லாதது."

"அப்ப சாயம் இறங்குனதுக்கு அக்காதான் காரணம்னு ஆகாதா? அவன் சொன்ன பொய்யில பாதிய நீ காப்பாத்துற."

கோபம் வந்தது. சரியாகச் சொன்னதால் வந்த கோபம். பிறகு முழு வீடியோவையும் ரசிகர் பக்கத்திலேயே போட்டேன். மேலே இரண்டு வரி: 'தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று லெட்சுமி அக்கா எச்சரித்தார். ஊற்றியது நான், திலகா. மற்றதை நீங்களே பாருங்கள்.'

அழுத்திவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன்.

செப். 9, செவ்வாய்

அய்யோ அய்யோ அய்யோ!

ஃபோன் அடுப்புபோலச் சுடுகிறது. பினாங்கிலிருந்து பகிர்கிறார்கள். சிங்கப்பூரிலிருந்து பகிர்கிறார்கள். பெயர் தெரியாதவர்கள் எல்லாம் அக்காவுக்காகச் சண்டை போடுகிறார்கள்! 'எஸ்டேட் புத்தி' என்ற சொல்தான் எல்லாரையும் சுட்டிருக்கிறது. அவரவர் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய கதை, அப்பா செம்பனைக் குலை தூக்கிய கதை, படம் படமாக. ஆ.வும் குளுவாங் பக்கம் எஸ்டேட்டில் பிறந்தவர்தான் என்று அவருடன் படித்த ஒருவர் வகுப்புப் படத்தைப் போட்டுவிட்டார். வட்டம் போட்டு! கால்சட்டையில் ஆ.!

எனக்கும் விழுகிறது. தண்ணி லோரி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வாங்கிக்கொள்கிறேன், வேறு வழி?

ரொட்டி சானாய் கடையில் பக்கத்து மேசை:
"அந்த ஆளு ஏஐ வீடியோன்னு சொல்றாராம்லா."
"அலமாக், நான் அங்க நின்னேன்டா. நானுமா ஏஐ?"

உண்மைதான், அப்படித்தான் அறிக்கை விட்டிருக்கிறார். மதியத்துக்குள் பாலர் பள்ளி அம்மாக்கள் மூன்று பேர் வேறு வேறு பக்கத்திலிருந்து எடுத்ததைப் போட்டார்கள். அறிக்கை போன இடம் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பதிவையும் அழித்துவிட்டார்.

துள்ளுகிறது உடம்பு. கிளினிக் கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு குதித்தேன். நாற்பத்தொரு வயதில்.

செப். 11, வியாழன்

வெயில். துணி காய்ந்தது.

டிவியில் ஆ. நடத்தும் பாட்டுப் போட்டிக்கு இந்த வாரம் வேறு ஆள். காரணம் சொல்லவில்லை, எல்லாருக்கும் தெரியும். லெட்சுமி அக்கா காயத்துக்குப் போலீஸ் ரிப்போர்ட் கொடுத்திருக்கிறார், தலைவரின் மகள் கூடப் போனாளாம். நான் போயிருக்கலாம். லீவு இல்லை.

மேனேஜர் இப்போது என்னை மேடம் என்கிறார். ஹோட்டலில் தனியாகச் சந்தித்து வருத்தம் தெரிவிக்கிறார்களாம், பொன்னாடையும் பழக்கூடையும் உண்டாம். நான் தலைவரிடம் சொன்னேன், தலைவர் அக்காவிடம் கேட்டுவிட்டு வந்தார். வீசியது எல்லார் முன்னாலும், அதனால் சொல்வதும் அங்கேயே, அதே மைக்கில் என்றாராம் அக்கா. கடைசி வார்த்தை. மேனேஜருக்கு அப்படியே அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது.

வருவாரா? சேகர் மாட்டார் என்கிறார். நான் வருவார் என்கிறேன். பந்தயம்: தோற்றவர் ஒரு மாதம் மீன் கழுவவேண்டும்.

செப். 13, சனி

வருகிறார்!!! நாளை பதினொன்றுக்கு. அதன் பிறகுதான் நிர்வாகம் கடையைப் பற்றிப் பேசும். மழுப்பினார் என்றால் கடை போச்சு, இரண்டு பக்கமும் தப்பு என்று முடித்துவிடுவார்கள்.

ரசிகர் பக்கத்தின் பெயரை மாற்றினேன். புதுப் பெயர் தோன்றவில்லை, இப்போதைக்கு 'மாசாய் செய்திகள்'.

சேகர் மீன் கழுவினார்.

செப். 14, ஞாயிறு

மேகமூட்டம், புழுக்கம். பத்து ஐம்பதுக்கு ஆ. வந்துவிட்டார்! பத்து நிமிடம் முன்னதாக! சாதாரணச் சட்டை, கறுப்புக் கண்ணாடி இல்லை. போன வாரத்தைவிட மூன்று மடங்கு கூட்டம்.

மைக்கைப் பிடித்து ஃபோனைப் பார்த்துப் படிக்க ஆரம்பித்தார். "அன்று நடந்த சில அசம்பாவிதங்களால் யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால்..."

முன்வரிசையில் லெட்சுமி அக்கா எழுந்தார். கன்னத்தில் பிளாஸ்திரி.

"தம்பி, என் மனசு கிடக்கட்டும். கன்னம் புண்பட்டிருக்கு. ஃபோன வச்சிட்டு என்னா செஞ்சீங்கன்னு சொல்லுங்க."

ஆ. மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் தரையைப் பார்த்தார். ஃபோன் சட்டைப் பைக்குள் போனது. பிறகு சொன்னார்.

"மாலைய உங்க மூஞ்சில எறிஞ்சேன். நீங்க என்னத் தொடவே இல்ல. செல்ஃபின்னு எழுதுனது பொய். வீடியோ ஏஐன்னதும் பொய். எஸ்டேட்டுன்னு கேவலமா பேசுனேன், எங்கம்மாவும் மரம் வெட்டுனவங்கதான். தப்பு என்னோடது. மன்னிச்சிடுங்கக்கா."

பாடும்போது இந்தக் குரலில் இவ்வளவு உண்மையை நான் கேட்டதில்லை. நேற்றுவரை பிடிக்காமல் போயிருந்தது, இன்று கொஞ்சம் பாவமாக இருந்தது.

பொன்னாடையை நீட்டினார். அக்கா வாங்கவில்லை. "அது வேணாம். இப்ப சொன்னத அப்படியே எழுதிப் போடுங்க. ரிப்போர்ட்டு ரிப்போர்ட்டாவே இருக்கட்டும், போலீஸ் கூப்பிட்டா போயிட்டு வாங்க." அங்கேயே நின்று எழுதிப் போட்டார். கூட்டம் முழுக்க அவரவர் ஃபோனில் சரிபார்த்தது!

நிர்வாகம் உள்ளே போய் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்தது. தலைவர் மைக்கில்: கடை அக்காவுக்குத்தான், இன்றே திறக்கலாம். பிள்ளைகள் அர்த்தம் தெரியாமல் கைதட்டினார்கள், நாங்கள் தெரிந்து தட்டினோம். நான் விசில் அடித்தேன். சேகர் தெரியாதவர்போல நகர்ந்து நின்றார்.

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு கடைக்கு ஓடினேன். அக்கா பூட்டைத் திறந்துகொண்டிருந்தார்.

"அக்கா! ஜெயிச்சிட்டோம்க்கா!"

அக்கா திரும்பிப் பார்த்தார். சிரிக்கவில்லை, முறைக்கவும் இல்லை.

"அந்தப் பையன் மைக்குல சொல்லிட்டான். தலைவர் நேத்து வீட்டுக்கே வந்து சொல்லிட்டாரு. நீ ஊர் ஒலகத்துக்கெல்லாம் எழுதிச் சொன்ன. என்கிட்ட இன்னும் ஒரு வார்த்த சொல்லல, திலகா."

எட்டு நாள். பத்து நிமிட நடை. மோட்டாரில் இரண்டு நிமிடம். கிளினிக், லீவு, மழை என்று எனக்கு நானே என்னென்னவோ சொல்லிக்கொண்டேன். போகப் பயந்தேன், அவ்வளவுதான்.

அங்கேயே சொன்னேன். யாரும் படம் எடுக்கவில்லை. தண்ணீர் ஊற்றியதற்கு, கீழே பார்த்ததற்கு, எட்டு நாள் வராததற்கு மன்னிப்புக் கேட்டேன், அக்கா அவசரப்படுத்தாமல் நின்றார்.

"ம்" என்றார். பிறகு, "ஷட்டர் ஒரு பக்கம் சிக்கியிருக்கு. அந்தப் பக்கம் பிடி."