ரத்த வங்கி மெயில் போய்ச் சேர்ந்தது

14 ஆகஸ்ட் 2003, வியாழன்

படுத்தும் தூக்கம் வரவில்லை. சந்தோஷம்தான் காரணம்.

ரத்த வங்கிக்கு நான் எழுதிய மென்பொருள், ரத்தம் கொடுப்பவர்களுக்கு மெயில் அனுப்ப வேண்டும். நான்கு நாட்களாகத் திரையில் ‘அனுப்பியாயிற்று’ என்று வந்தது. ஒருவருக்கும் மெயில் போகவில்லை. டீம் லீடர் முருகேசன் சார் காலையில் கூப்பிட்டார். “மெயில் சர்வர் நல்லாத்தான் இருக்கும்மா. சாயங்காலத்துக்குள்ள முடியலன்னா வேற ஆள்கிட்ட குடுத்துடறேன்.”

சாப்பிடப் போகாமல் வரி வரியாகப் பார்த்தேன். சர்வர் ஒவ்வொரு முறையும் மெயிலை ஏற்க மறுத்திருக்கிறது. அந்த மறுப்பை என் புரோகிராம் விழுங்கிவிட்டு, போய்விட்டதாகச் சொல்லியிருக்கிறது. மறுப்பைத் திரையில் காட்ட வைத்தேன். அனுப்புநர் முகவரி செல்லாது என்றிருந்தது. சோதனைக்காக நான் போட்ட பொய் முகவரி அது. அதை எடுத்துவிட்டு ரத்த வங்கியின் முகவரியைப் போட்டதும் மெயில் போனது.

ஐந்து மணிக்கு ரத்த வங்கி டாக்டர் போன் செய்தார். “மேடம், டோனர் ஆ கயா.” ரத்தம் கொடுக்க ஆள் வந்தாயிற்று என்று இந்தியில் சொன்னார். விஷ்ராந்த்வாடி பகுதியிலிருந்து ஒருவர் மெயிலைப் பார்த்துவிட்டு ஸ்கூட்டரில் வந்து, ஓ நெகட்டிவ் ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்தாராம்.

சாரிடம் சொன்னேன். “அடுத்த ப்ராஜெக்டும் நீயே பாரும்மா” என்றார்.

“சரி சார்” என்று மட்டும் சொன்னேன். பிறகு பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன்.