அதிமதுரம் மென்ற கதை

கல்பாக்கம்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள சீனுவுக்கு அம்மா எழுதுவது. நீ, சுஷ்மிதா, சின்னக்குட்டி மூவரும் நோய்நொடி இல்லாமல் இருக்க தலசயனப் பெருமாள் துணை. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம். போனில் நான் இரண்டு தரம் இருமினாலே அப்புறம் பேசலாம் என்று வைத்துவிடுவாய். கடிதம் இருமாது, முழுக்கப் படி.

இருமல் மூலிகைகளைப் பற்றி உன் அப்பாவுக்கு ஒரு வீடியோ அனுப்பினாயே, அன்றைக்குப் பிடித்தது சனி. ரிடையரான மனுஷனுக்கு வேறு என்ன வேலை, செய்யூருக்குப் போய் யார் வேலியிலிருந்தோ ஆடாதோடையை ஒடித்துவந்து கஷாயம் வைத்தார். "இதுல வாசிசின்னு ஒரு சத்து கீது சரோ, இங்கிலீஷ் மருந்தே இதுலேர்ந்துதான் வந்துது" என்று தானே கண்டுபிடித்தாற்போல ஒரே அலட்டல். குடித்தால் குடல்வரை கசப்பு. அது சளியை இளக்குமாம். எனக்கோ வறட்டு இருமல், இல்லாத சளியை எங்கே போய் இளக்குவது? அப்புறம் தூதுவளை, அதற்கப்புறம் நீங்கள் இருவரும் தலையில் வைத்துக் கொண்டாடிய அதிமதுரம். இனிப்பாக இருந்ததால் நானும் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை மென்றேன். இருமல் போகவில்லை, பிரஷர்தான் ஏறியது. வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் ஒரு கேள்வி கேட்காமல், நான் போட்டுக்கொண்டிருந்த பிரஷர் மாத்திரையையே இரட்டிப்பாக்கினார். பெரிய படிப்பு படித்தவர். கடைசியில் புதுப்பட்டினத்தில் ஜெஸ்ஸி என்று ஒரு சின்ன டாக்டரம்மாதான் வாயில் என்ன மெல்கிறீர்கள் என்று கேட்டாள். "இந்த மாத்திரை சிலபேருக்கு இருமலைக் கொண்டாரும்மா, அதிமதுரம் பிரஷரை ஏத்தும். மாத்திரையை மாத்தித் தரேன், அதிமதுரத்த வுட்ருங்க" என்றாள். மூலிகைக்குப் பக்கவிளைவே கிடையாது என்று அதுவரை முழங்கிய உன் அப்பா, வீடியோ அனுப்பியது சீனுதானே என்று இப்போது உன்னைக் கைகாட்டுகிறார். நல்ல அப்பா, நல்ல பிள்ளை.

சுஷ்மிதா பயப்படுகிறாள், பச்சைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு இருமலோடு வரவேண்டாம் என்று என் பிளேன் டிக்கெட்டை நிறுத்தினாய். அன்றைக்குக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அது தொற்றுகிற இருமலா என்று டாக்டரிடம் கேட்டாயா அம்மா என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை உனக்கு, வீடியோ அனுப்ப மட்டும் தெரிந்தது.

குழந்தைக்குத் தலை நிற்கும்வரை கழுத்தைத் தாங்கித் தூக்குங்கள். அவளுக்கு இருமல் வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள், உன் அப்பாவைக் கேட்காதே. மூவருக்கும் என் ஆசீர்வாதம். பாஸ்போர்ட்டும் விசாவும் பீரோவில் அப்படியே இருக்கின்றன. மாத்திரையை மாற்றிய பிறகு இருமல் அடியோடு நின்றுவிட்டது. இனியும் வரவேண்டாம் என்றால் வேறு காரணம் சொல்.

உன் அம்மா,
சரோஜா