கிறைப் வோட்டர் போத்தலில் இருந்த மருந்து

அன்பின் அக்கா,

பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பாணிமருந்தைத் திறந்தார்கள். ஸ்ரோபெரி மணம். நான் எழுந்து முற்றத்துக்கு வந்துவிட்டேன்.

போரில் வவுனியாவுக்கான பாதை பூட்டிய அந்த வருடம், துணுக்காயில், இதே மணத்தைத்தான் அலுமாரியில் ஒளித்து வைத்திருந்தேன். என் இரத்தத்தில் எச்.ஐ.வி. இருப்பது எனக்கும் பேறு பார்த்த எங்கள் மருத்துவமாதான உங்களுக்கும் மட்டுமே தெரியும். என் கணவரைக் கொண்டுபோனதும் அதுதான். அவரைப் பெற்ற மாமிக்கு அது வெறும் காய்ச்சல். பிள்ளைக்குத் தொற்றாமலிருக்க ஆறு கிழமை, காலையும் மாலையும் மருந்து. பாதை பூட்டுமுன் வவுனியாவிலிருந்து எடுத்துவந்து, மாமி கேள்வி கேட்காதபடி வயிற்றூதலுக்குக் கொடுக்கும் கிறைப் வோட்டர் போத்தலில் ஊற்றித் தந்தீர்கள். தாய்ப்பாலாலும் தொற்றும் என்பதால், மார்பில் சீழ்க்கட்டு என்று மாமியிடம் சொல்லிப் பால்மா கரைக்க வைத்ததும் நீங்கள்தான். இரண்டு பொய்க்கும் நடுவில் நான் மூச்சுவிடப் பயந்து கிடந்தேன்.

முப்பத்தோராம் நாள் பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிவுக்குச் சொந்தக்காரர் கைக்குழந்தைகளோடு வந்தார்கள். நான் தலை தோய்ந்துவிட்டு வருவதற்குள், வயிற்றூதல் என்ற பிள்ளைகளுக்கெல்லாம் மாமி அந்தப் போத்தலில் பெரும்பகுதியைக் கரண்டி கரண்டியாக ஊற்றிவிட்டிருந்தார். இன்னும் பதினொரு நாள் மருந்து பாக்கி. சண்டை பிடிக்கவும் முடியவில்லை. கிறைப் வோட்டருக்கு யார் அழுவார்கள்?

மறுநாள் பிள்ளையை நிறுக்கச் சைக்கிளில் வந்தீர்கள். கிணற்றடியில் வைத்துச் சொன்னேன். அந்தப் பிள்ளைகளுக்கு ஒருநாள் குடித்ததால் ஒன்றும் செய்யாது என்றீர்கள். மிச்சத்தைப் பாதிப்பாதியாகக் கொடுக்கட்டுமா என்று கேட்டதற்குத்தான் ஏச்சு விழுந்தது. பிறகு உங்கள் பையிலிருந்து இன்னொரு போத்தல் வந்தது.

“முழுசையும் உம்மட்டத் தந்தனான் எண்டு நினைச்சீரோ? எனக்கு மாமிமாரைத் தெரியும்.”

பேத்தி வளர்ந்தது கிறைப் வோட்டரால்தான் என்று மாமி இன்றும் ஊருக்குச் சொல்கிறார்.

தொற்றியதா என்று அறிய ஒன்றரை வயதில் இரத்தம் சோதிக்க வேண்டும். அந்த வசதி பூட்டிய பாதைக்கு அந்தப் பக்கம். நாங்களோ இந்தப் பக்கம், ஊர் ஊராக ஓடிக்கொண்டிருந்தோம். வழியில் எங்கே கண்டாலும் பிள்ளையின் கழுத்தைத் தடவி, தொற்றின் அடையாளமாகக் கட்டி ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பீர்கள். கடைசியாகப் பதுங்குகுழி வாசலில் கண்டோம்.

“றிசல்ட் வந்தா முதல் எனக்குத்தான் சொல்லவேணும், என்ன?”

“ஓம் அக்கா” என்றேன். மறுநாள் ஷெல் விழுந்து நீங்கள் போய்விட்டீர்கள்.

வவுனியா முகாமுக்கு வந்த பிறகுதான் சோதித்தார்கள். அந்தக் கடதாசி இன்னும் என் சேலைகளுக்கு அடியில் இருக்கிறது. மாமிக்குக் காட்ட முடியாது, மகளுக்கும் இன்னும் சொல்லவில்லை. துக்கத்தை ஒளிக்கப் பழகிவிட்டேன். இந்தச் சந்தோசத்தை ஒளிக்கத்தான் தெரியவில்லை.

இல்லையாம் அக்கா. பிள்ளைக்கு இல்லையாம்.