தேவானையின் முதல் பிரதி

பிப்ரவரி 11, செவ்வாய்

மாலை வகுப்பின் ஆங்கிலக் கட்டுரைகளை இனி கணினியே திருத்தும். எழுதி ஏற்றினால் பிழைக்கு அடியில் சிவப்புக் கோடு போட்டு, பக்கத்திலேயே சரியான சொல்லையும் காட்டுகிறது. ‘ஏற்றுக்கொள்’ என்று ஒரு பொத்தான். அழுத்தினால் பிழை மறைந்துவிடும். மறைந்தால் கற்றுக்கொண்டதாக அர்த்தமா என்று கேட்டேன். ஒருங்கிணைப்பாளர் சங்கரன் சிரித்தார். "மாமியார் மேலகூட உங்களுக்கு இவ்ளோ சந்தேகம் இருந்திருக்காது மேடம்."

எனக்கு மாமியாரே கிடையாது.

வகுப்பில் மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்: ஒரு கோடுகூட மிச்சம் இருக்கக் கூடாது.

பிப்ரவரி 13, வியாழன்

புதிதாக ஒருத்தி, தேவானை. முப்பத்தெட்டு வயது. அடையாறில் ஒரு மருத்துவமனையில் ஆயா. மார்ச்சுக்குள் இந்தச் சான்றிதழ் கிடைத்தால் வார்டு பதிவேடு எழுதும் வேலைக்கு மாற்றுவார்களாம். சைதாப்பேட்டை ஆற்றோரத்து வீட்டை இடித்துப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு பஸ் மாறி மயிலாப்பூர் வருகிறாள்.

"பெட்பேன் தூக்குன கை மேடம். கொஞ்ச நாளு பேனா தூக்கிப் பாக்கட்டுமே" என்றாள். வகுப்பே சிரித்தது. ஒரு கோடும் மிச்சம் இருக்கக் கூடாது என்று அவளிடமும் சொன்னேன்.

பிப்ரவரி 20, வியாழன்

‘மறக்க முடியாத ஒரு காலை’. சான்றிதழுக்கான தேர்வுக் கட்டுரை. அறுபத்திரண்டு கட்டுரைகள். தேவானையுடையதில் ஒரு பிழை இல்லை. வழவழவென்று இருந்தது. மூலையில் மஞ்சள் எச்சரிக்கை: எண்பத்தாறு சதவீதம் இயந்திரம் எழுதியது. ஆயிரம் முறை பார்த்தாயிற்று இந்த வேலையை. நான் முன்பே எழுதிச் சேமித்திருக்கும் குறிப்புகளில் ஒன்றைத் தட்டினேன் — ‘இது உங்கள் எழுத்து அல்ல. சொந்த அனுபவத்தை எழுதுங்கள்.’ மதிப்பெண் பூஜ்யம்.

அரை நிமிடம் ஆகியிருக்காது.

பிப்ரவரி 27, வியாழன்

தேவானை வரவில்லை. செவ்வாயும் வரவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

லஸ் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தாள். நானே போய் ஏன் வருவதில்லை என்று கேட்டேன்.

"இன்னாத்துக்கு மேடம்? கோடு இருக்கக் கூடாதுன்னீங்க. அது அமுக்கு அமுக்குன்னுச்சு. நாப்பத்தேழு தபா அமுக்குனேன். கடசீல நீ எழுதலன்னு போட்டுகீறீங்க. வூட்ட இடிக்க வந்தப்ப எங்கம்மா அம்மி முன்னாடி குந்திக்கினு எந்திரிக்க மாட்டேன்னுச்சே, அதுவும் மிஷினா?"

"அந்தக் குறிப்பு மிஷின் போட்டதும்மா" என்றேன்.

பஸ் வந்தது. ஏறிவிட்டாள்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அது என் வாக்கியம். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நான் எழுதி வைத்தது.

மார்ச் 5, புதன்

ஒவ்வொரு கட்டுரையின் பழைய பிரதிகளும் உள்ளே இருக்கின்றன. இதுவரை திறந்ததே இல்லை. இன்று திறந்தேன்.

தேவானையின் முதல் பிரதியில் ஒரு வரிகூட நேராக இல்லை. ஆனால் எல்லாம் தெரிகிறது. அம்மா சட்னி அரைக்கிறாள். இடிக்க வந்தவர் எழுந்திரு என்கிறார். அரைத்துவிட்டு வருகிறேன் என்கிறாள். வெளியே இயந்திரம் உறுமுகிறது. அவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அம்மா அம்மியை வழித்து, கழுவி, கவிழ்த்துவிட்டு எழுந்திருக்கிறாள்.

கடைசிப் பிரதியில், சுருக்கமாக எழுதச் சொன்ன கணினியின் யோசனையையும் ஏற்றுக்கொண்ட பிறகு, அந்த இடத்தில் இருப்பது இவ்வளவுதான்: ‘என் தாயார் ஒத்துழைக்கத் தயங்கினார்.’

இதைத்தான் படித்துவிட்டு நான் நம்பவில்லை. படித்தேனா?

மார்ச் 6, வியாழன்

தவறு என்னுடையது என்று எழுதி சங்கரனிடம் கொடுத்தேன். "தேறினவங்க பட்டியல் போன வெள்ளிக்கிழமையே போயிடுச்சே மேடம். ஜூலைல மறுபடி எழுதட்டும். நீங்க மிஷின் தப்புன்னு போட்டுடுங்க, யார் கேக்கப் போறா?" நான் எழுதியதை மாற்றவில்லை.

தேவானைக்கு போன் செய்தேன். குறிப்பு என்னுடையது, மிஷின் என்று சொன்னதும் பொய் என்றேன். எதிர்முனையில் யாரோ இருமும் சத்தம். வார்டாக இருக்கும்.

"சரி மேடம். டூட்டி டைம். வெச்சிடறேன்."

மார்ச் 28, வெள்ளி

பதிவேட்டு வேலை வேறொரு பெண்ணுக்குப் போய்விட்டது. அதே மருத்துவமனையிலிருந்து வரும் பங்கஜம் சொன்னாள். "அது பாட்டுக்கு பெட்ஷீட் மாத்திக்கினே இருந்துச்சு."

ஜூலை 15, செவ்வாய்

தேவானை வந்தாள். எதிர்பார்க்கவில்லை. கடைசி வரிசைக் கணினியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் எழுதினாள். பின்னால் போய் நின்றேன். திரை முழுக்கச் சிவப்புக் கோடுகள். ஒன்றையும் தொடவில்லை.

"சரி பண்ணலையாம்மா?"

"எது எது தப்புன்னு தெரியும் மேடம். வுட்டு வெச்சிகீறேன். அப்பதானே நான் எழுதுனதுன்னு நம்புவீங்க."

குத்தலாகச் சொல்லவில்லை. விதியைத் தெரிந்துகொண்டவள் சொல்வதுபோல்தான் சொன்னாள்.

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து படித்தேன். வரிவரியாகப் போகிறேனா என்று அவள் என் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.