தண்ணித் தொட்டி தெரியும் அறை

ஜூன் 2, ஞாயிறு
இன்றைய பிரசங்கம் என்னைப் பார்த்தே சொன்ன மாதிரி இருந்தது. கீழ்ப்படிதல் ஆலயத்துக்குள் இல்லையாம், திங்கட்கிழமை வேலையில்தான் இருக்கிறதாம். சின்னப் பொய்யும் பொய்தான் என்றார் போதகர். நாளையிலிருந்து நான் வேலை பார்க்கும் லாட்ஜ் ஃபோனில் ஒரு பொய்யும் சொல்வதில்லை. ஆண்டவரே, பலம் தாரும்.

ஜூன் 3
பலம் தந்தார். அதுதான் பிரச்சனை.
சென்னையிலிருந்து ஒரு அம்மா, ரூமிலிருந்து பள்ளத்தாக்கு தெரியுமா என்று கேட்டார். இத்தனை நாள் 'சூப்பரா தெரியுங்க' என்றுதான் சொல்வேன். இன்று, "தண்ணித் தொட்டி தெரியுங்க. அதுக்குப் பின்னால பள்ளத்தாக்கு இருக்கு" என்றேன். ஹீட்டர்? "இருக்குங்க. சூடு வராது."
ஃபோனை வைத்துவிட்டார்.

ஜூன் 5
இன்னும் ரெண்டு புக்கிங் போச்சு. முதலாளி ரவிச்சந்திரன் அண்ணன் கூப்பிட்டார். பொய் சொல்லச் சொல்லவில்லையாம், வாயை அடக்கினால் போதுமாம். எஜமானுக்குக் கீழ்ப்படி என்றும் வேதத்தில் இருக்கிறதே! எந்தக் கீழ்ப்படிதல் முதல்ல?
என் வீட்டுக்காரர் ஜீவாவைக் கேட்டேன். டாக்ஸி ஓட்டுகிறவர். பாதி வழியில் இருக்கிற எமரால்டைத் தாண்டும் முன்பே, காத்திருக்கிற கஸ்டமரிடம் 'குன்னூர் வந்துட்டேங்க' என்கிற மனுஷன். ஜெபம் பண்ணு என்றார்.

ஜூன் 6
வாயை அடக்கிப் பார்த்தேன். காட்டெருமை வருமா என்று ஒருவர் கேட்டார். பேசாமல் இருந்தேன். ஹலோ ஹலோ என்று கத்திவிட்டு, லைன் சரியில்லை என்று மறுபடி கூப்பிட்டார். தாங்கவில்லை. "வருங்க. நேத்து நீங்க கேக்குற ரூம் வாசல்லதான் நின்னுச்சு."

ஜூன் 7
முதலாளி ஃபோனை ரூம் பையன் வினோத்திடம் கொடுத்துவிட்டார். நான் சமையலறையில். வினோத் எல்லாருக்கும் பள்ளத்தாக்கு காட்டுகிறான்.
அடுத்து வேலையே போயிருமோ? வெங்காயம் நறுக்கிக்கொண்டே அழுதேன், யாருக்கும் தெரியவில்லை. ஆண்டவரே, நான் செஞ்சது தப்பா? சொல்லுங்களேன்—
ஆண்டவரையும் முதலாளி வாயை அடக்கச் சொல்லிவிட்டார் போல.

ஜூன் 11
ரவி அண்ணன் சமையலறைக்கே வந்து கதவைச் சாத்தினார். போச்சு வேலை என்று நினைத்தேன்.
அவர் தங்கச்சி சசிகலாவுக்கு வெலிங்டனில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறாராம். மாப்பிள்ளை வீடு எங்கம்மா வீட்டுக்குப் பக்கத்து வீடு. தரகர், பையன் தங்கம் என்கிறாராம். "நீ சொல்லு ரஞ்சனி. எப்படி?"
என் வாயால் ஒரு கல்யாணம் நின்றுவிடலாம். பையன் நல்லவன், ஆனால் அவன் போடுகிற சட்டை வரைக்கும் அவங்கம்மாதான் எடுத்துக் கொடுக்கணும் என்றேன்.
"நம்ம சசி அனுசரிச்சுக்குவால்ல?"
"மாட்டாங்க."
திட்டவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. ஒரு டீ கேட்டார். குடித்துவிட்டுப் போனார்.

ஜூன் 14
மறுபடி வந்தார். சசிக்கு லவ்டேலில் இன்னொரு இடம் வந்திருக்கிறதாம். அவங்களை எனக்குத் தெரியாதுங்க என்றேன்.
"அப்ப லீவு எடுத்துக்க. போய் விசாரிச்சுட்டு வா."